கோமதி தியேட்டரில் விட்டுப்போன சொல்

03.06.2025 – செவ்வாய்

காலையிலிருந்து மழை. மத்தியானம் வரை என் மொழிபெயர்ப்புக் கடைக்கு இரண்டே பேர். ஒருவர் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வந்தார், மற்றவர் மழைக்கு ஒதுங்கினார். எதிர்க் கடைக்காரன் புது பனர் கட்டியிருக்கிறான், ‘மளிவு விற்பனை’ என்று. நாள் முழுக்க அந்த ‘ளி’யைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது. கண்ணில் தூசி விழுந்த மாதிரி.

மூன்றாவதாக வந்தவர் கோமதி தியேட்டர் முதலாளி, இராஜரத்தினம் ஐயா. எண்பத்தொரு வயது. குடையை மடக்காமலே வாசலில் நின்று சொன்னார்: “பிள்ளை, வாற இருபத்தொன்பதாந் திகதி ஞாயிற்றுக்கிழமையோட கோமதியைப் பூட்டுறன்.”

ஏதோ மாவு மில்லைப் பூட்டுவது போலச் சொல்லிவிட்டார்.

கட்டடச் சொந்தக்காரர்கள் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்களாம். இடித்துவிட்டு வாகனத் தரிப்பிடம் கட்டப்போகிறார்களாம். அவருக்கும் முழங்கால் இனி ஏலாதாம். நான் கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. வந்த விஷயத்துக்கு வந்தார். கடைசி நாள் வாசலில் ஒரு பெரிய பலகை வைக்க வேண்டும். தியேட்டரின் கதை அதில் இருக்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும்.

“நீர்தான் எழுத வேணும். உமக்குத் தெரியாத கதையே?”

தெரிந்ததுதான் கரைச்சல்.

04.06.2025 – புதன்

பலகைக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை. சரி, எனக்காவது எழுதிப் பார்ப்போம்.

கண்டி நகரத்தில் படம் பார்த்துக்கொண்டே சாப்பிடக்கூடிய தியேட்டர் அது ஒன்றுதான். பல்கனியில் ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் ஒரு சிறு பலகை. பலகைக்கு அடியில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் பின்சுவரில் அந்தக் கதிரை எண்ணுக்கு ஒரு குட்டிச் சிவப்பு பல்பு எரியும். பரிமாறுபவர் கன்வஸ் சப்பாத்தோடு, பூனை மாதிரி வருவார். பேச்சே கிடையாது. அவர் நீட்டுகிற மரத் தட்டின் விளிம்பில் விரலால் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் கொத்துரொட்டி, இரண்டு என்றால் ரோல்ஸ், மூன்று என்றால் பிளேன்டீ. அப்பளம் கிடையாது, முறுக்கு கிடையாது, கடிக்கும்போது சத்தம் வரும் எதுவும் கிடையாது. இருட்டில் தொண்டையில் சிக்கும் என்று முள் மீனும் கிடையாது. இவ்வளவையும் உட்கார்ந்து யோசித்தவர் இராஜரத்தினம் ஐயா. படித்தது எட்டாம் வகுப்பு.

ஆனால் கொத்து? இரண்டு தகடுகளால் இரும்புக் கல்லில் டக டகவென்று கொத்தாமல் கொத்துரொட்டி ஏது? சமையலறையோ திரைக்கு நேர் பின்னால். முதல் வாரம் திரையில் ஒரு தாய் சாகக் கிடக்கிறாள், மகன் கதறுகிறான், பின்னால் டக டக டக. பல்கனி முழுக்கச் சிரித்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து சமையல்காரர் மக்கீன் நாநா சண்டைக் காட்சியில் மட்டும்தான் கொத்துவார். புதுப் படம் வந்தால் முதல் காட்சிக்குக் கொத்து இல்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டு, எத்தனையாவது பாட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரச் சண்டை என்று கரியால் சுவரில் கோடு போட்டுக்கொள்வார். பிறகு எல்லாக் கொத்தும் அந்தச் சண்டைகளுக்குள் முடியும். உதை விழ விழ வாசனையும் வரும். கோமதியில் சண்டை பார்த்தவர்களுக்கு வேறெங்கு பார்த்தாலும் ஏதோ குறைவது போலத்தான் இருக்கும்.

குடும்பப் படம் வந்தால் வாசலில் ஒரு அட்டை தொங்கும்: ‘இப்படத்தில் சண்டை இல்லை. ஆகவே கொத்து இல்லை.’ அந்த அட்டையை எழுதியது நான். எழுத்துப் பிழை கிடையாது!

06.06.2025 – வெள்ளி

வழக்கம்போல் ஆறரைக் காட்சி, வழக்கம்போல் சி-11 கதிரை. பல்கனியில் பதினேழு பேர். இடைவேளையில் சமையலறைக்குப் போனேன். மக்கீன் நாநா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

“பூட்டப் போறாங்களே நாநா, என்ன செய்யப் போறீங்க?”

“என்ன செய்ற? அலவத்துகொடையில மருமகன்ட கட ஈக்குது. அங்க போற.” கத்தி நிற்கவில்லை. “சண்ட வந்தா கொத்துற, பாட்டு வந்தா வெங்காயம் அரியுற, அழுவ வந்தா சும்மா ஈக்குற. முப்பத்திமூணு வருஷம் இதானே தங்கச்சி.”

இந்த மனிதர் கோமதியில் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. கடைசி நாளாவது வந்து உட்காருங்கள், என் கதிரையைத் தருகிறேன் என்றேன்.

“வேணாம். படத்துல பேசுற எல்லாருக்கும் நானே ஒரு மூஞ்சி வெச்சு ஈக்கிறேன். இப்ப போய்ப் பாத்தா எல்லாம் பிழைச்சுப் போகும்.”

07.06.2025 – சனி

ஹஜ்ஜுப் பெருநாள். மக்கீன் நாநா வீட்டிலிருந்து வட்டலப்பம் வந்தது. முழுவதையும் நானே சாப்பிட்டேன். எழுதவில்லை.

09.06.2025 – திங்கள்

பலகைக்கு எட்டு வரி எழுதினேன். கோமதி என்பது ஐயாவின் தாயார் பெயர். அவர் குத்தகைக்கு எடுத்தது 1989இல். வீடியோ கசெட் வந்து தியேட்டர்களெல்லாம் காற்றாடிய காலம். இதுவரை சுகமாக வந்தது. ஒன்பதாவது வரியில் கை நின்றுவிட்டது.

ஒன்பதாவது வரி ‘பெரியதம்பியின் பிழை.’

ஊருக்கே தெரிந்த கதை. 1992இல் ஐயா வாசலில் ஒரு சிற்றுண்டிச்சாலை வைக்க அனுமதி கேட்டார். விண்ணப்பம் சிங்களத்தில் போக வேண்டும். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்புக் கடை வைத்திருந்த பெரியதம்பி ஐயாவிடம் கொடுத்தார். பெரியதம்பி ஒரு சொல்லை விட்டுவிட்டார். ‘சிற்றுண்டிச்சாலையில்’ உணவு பரிமாற என்று கேட்க வேண்டியது, ‘தியேட்டரில்’ உணவு பரிமாற என்று போய்விட்டது. கேட்டபடியே அனுமதியும் வந்துவிட்டது. திருத்த இன்னும் ஆறு மாதம் ஆகும். அடுப்பு வந்தாகிவிட்டது, மக்கீன் நாநா பழைய வேலையை விட்டுவிட்டு வந்தாகிவிட்டது. ஐயாவுக்கு வந்த கோபத்தில், “உள்ளுக்கெண்டு எழுதியிருக்கோ? அப்ப உள்ளுக்கே குடுக்கிறன்!” என்றாராம். அப்படித்தான் பல்கனிக்குப் பலகை வந்தது. இரண்டு வருடத்தில் வெள்ளி, சனிக்கிழமைகளில் பல்கனியில் இடம் கிடைக்காது. கொத்து, ரோல், பிளேன்டீ சேர்ந்த தட்டுக்குப் பெயரே ‘பெரியதம்பி செட்’.

நல்ல கதை. ஒரே ஒரு குறை. சொல்லை விட்டது பெரியதம்பி ஐயா இல்லை. நான்.

இதை முழுதாக எங்கேயும் எழுதியதில்லை. எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திமூன்று. பெரியதம்பி ஐயாவின் கடையில் சேர்ந்து மூன்று மாதம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வந்து, கதிரையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். ஐயா கையால் மொழிபெயர்த்துத் தருவார், நான் தட்டச்சு அடிப்பேன். சிங்களத்தில் தியேட்டர் ‘சினமா ஷாலாவ’, சிற்றுண்டிச்சாலை ‘ஆபன ஷாலாவ’. அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார்: ‘சினமா ஷாலாவே ஆபன ஷாலாவே.’ தியேட்டரின் சிற்றுண்டிச்சாலையில். முதல் ‘ஷாலாவே’யோடு வரி முடிந்தது. தட்டச்சு இயந்திரத்தின் வண்டியை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். கண் இரண்டாவது ‘ஷாலாவே’யில் போய் விழுந்தது. அங்கிருந்து அடித்துக்கொண்டு போய்விட்டேன். தியேட்டரில் என்றாகிவிட்டது.

“அன்னம் அடிச்சா நான் பார்க்கத் தேவையில்ல” என்று சொல்லி ஒப்பம் வைத்தார்.

இராஜரத்தினம் ஐயா வந்து கத்திய நாள், கையெழுத்துப் பிரதி மேசையிலேயே கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டியிருந்தால் முடிந்தது விஷயம். பெரியதம்பி ஐயா அதன் மேல் ஒரு ஃபைலை மெதுவாக இழுத்து வைத்தார். “நான்தானே ஒப்பம் வச்சேன். பிழை என்னோடது” என்றார். நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இராஜரத்தினம் ஐயா போன பிறகு அந்தப் பிரதியைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, “அன்னம், அடுத்த வேலையை எடு” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் உயிரோடிருந்தார், ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஒரு வருடம் நொத்தாரிசுமார் காணி உறுதிப் பத்திர வேலைகளை வேறு கடைக்குக் கொடுத்தார்கள். ‘சொல்லை முழுங்குகிறவர்’ என்று முகத்துக்கு நேரே கேலி. சிங்களமும் தமிழும் அவரைப் போல் தெரிந்தவர் கண்டியில் கிடையாது. அவரைப் போய்!

10.06.2025 – செவ்வாய்

போசன் போயா, பௌர்ணமி விடுமுறை. படம் இல்லை, கடையும் இல்லை. வாவியைச் சுற்றி நடந்தேன். ஒரு முடிவும் வரவில்லை, கால்தான் வலித்தது.

13.06.2025 – வெள்ளி

பூட்டப்போகும் செய்தி பரவிவிட்டது. பல்கனி நிறைந்துவிட்டது. இவ்வளவு பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்?

இடைவேளையில் இராஜரத்தினம் ஐயாவைச் சுற்றி ஒரு கூட்டம். பழைய கதையை எடுத்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இழுத்து, தலையைத் தொங்கப்போட்டு, பெரியதம்பி ஐயா மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் தூங்கி வழிந்தபடி மொழிபெயர்ப்பதை நடித்துக் காட்டினார். “மனுசன் ஒரு கொறட்டை விட்டுது, ஒரு சொல்லும் போட்டுது!” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது. இதே இடத்தில், இதே கதைக்கு, எத்தனை வெள்ளிக்கிழமை சிரித்திருக்கிறேன்? அதுவும் யாருடைய கதிரையில் உட்கார்ந்துகொண்டு! பல்கனி நிறையத் தொடங்கியதும் கோபம் தீர்ந்த இராஜரத்தினம் ஐயா, வெள்ளிக்கிழமை ஆறரைக்கு சி-11ஐ நிரந்தரமாகப் பெரியதம்பி ஐயாவுக்குக் கொடுத்துவிட்டார். அவர் ஒரு நாளும் போகவில்லை. வெள்ளி தவறாமல் என்னைத்தான் அனுப்புவார். “எனக்கு இருட்டுல சாப்பிட்டா செரிக்காது. நீ போய்ட்டு வா அன்னம்.” 2011இல் அவர் போன பிறகும் கதிரை எனக்கே இருந்தது. இராஜரத்தினம் ஐயாவின் பெரிய மனது என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய கதிரையில் இருந்து அவரைப் பார்த்தே சிரித்திருக்கிறேன். சீ.

17.06.2025 – செவ்வாய்

உண்மையை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்போதுதான் இன்னொன்று தட்டியது. பிழை பழியாக இருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு அதே பிழைதான் கோமதியின் பெருமை. அந்தப் பிழையில்லாவிட்டால் பலகை இல்லை, சிவப்பு பல்பு இல்லை, சண்டைக் கொத்து இல்லை. இப்போது போய் ‘அது நான்’ என்றால்? அடி வாங்கும்போது அவர், மாலை வாங்கும்போது நானா?

சொல்லாவிட்டால், தூங்கி வழிந்த மனிதராகவே பலகையில் நிற்பார். அதுவும் என் கையெழுத்தில்.

எப்படி எழுதினாலும் திருட்டாகத்தான் இருக்கிறது.

20.06.2025 – வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காட்சிக்கு முன்னால் இராஜரத்தினம் ஐயாவின் அறைக்குப் போனேன். மேசையில் பிளேன்டீ. முழுவதும் சொன்னேன்: ‘ஷாலாவே’ இரண்டையும், ஃபைலை இழுத்து மூடியதையும், கூடையில் போட்டதையும். குறுக்கே பேசாமல் கேட்டார். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அந்த அனுமதிப் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்திமூண்டு வருசம் அந்தாளை வைச்சுச் சனத்தைச் சிரிக்க வைச்சிருக்கிறன்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீரும் நிண்டு சிரிச்சனீரே, பிள்ளை.”

“சிரிச்சேன் ஐயா.”

எழுந்து போய்விட்டார். தேநீரைத் தொடவில்லை. நான் படம் பார்க்காமல் வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆறரைக்கு சி-11 காலியாக இருந்தது இன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

22.06.2025 – ஞாயிறு

இராஜரத்தினம் ஐயாவிடமிருந்து அழைப்பு இல்லை. நானும் எடுக்கவில்லை. பலகைக்கான தாள் மேசையில் எட்டு வரியோடு கிடக்கிறது.

23.06.2025 – திங்கள்

ஏன்டி அன்னம், இத்தனை நாள் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தே? வேலை போயிரும்னு பயம் – சரி, அது முதல் வருஷம். அதுக்குப் பிறகு? அவர் சாகுற வரைக்கும் பக்கத்து மேசையிலதானே இருந்தாரு. “மன்னிச்சிருங்க ஐயா” – ரெண்டே சொல்லு. அதையும் விட்டுட்டியே.

25.06.2025 – புதன்

இராஜரத்தினம் ஐயா வந்தார். இந்தத் தடவை குடையை மடக்கினார், உட்கார்ந்தார். கையில் ஒரு பழைய தடித்த கொப்பி. நிரந்தரக் கதிரைகள் யார் யாருக்கு என்று எழுதி வைக்கும் கொப்பி. இரண்டு நாளாக மேசை லாச்சி லாச்சியாக இழுத்துத் தேடினாராம்.

“உம்மட்ட ஒண்டு கேக்க வேணும். அந்தக் கதிரை பெரியதம்பியின்ர எண்டே இவ்வளவு நாளும் நினைச்சனீர்?”

“ஓமய்யா. அவருக்குத்தானே குடுத்தீங்க?”

“குடுக்கத்தான் போனனான். அந்தாள் வாங்கேல்லை. ‘எனக்கு வேணாம், அந்தப் புள்ள பேர்ல எழுதுங்க’ எண்டுது. நானும் ஏனெண்டு கேக்கேல்லை. ஏதோ, சின்னப் பிள்ளை படம் பாக்கட்டும் எண்டு சொல்லுது போல எண்டு நினைச்சன்.”

கொப்பியைத் திருப்பிக் காட்டினார். 1994, மங்கிய நீல மை.

சி-11, வெள்ளி 6.30. உரியவர்: செல்வி அன்னலட்சுமி. பெரியதம்பி சொன்னபடி.

உரியவர்.

முப்பது வருடமாக ஊரார் எழுத்தில் பிழை பார்க்கிறேன். ஒரு சொல்லைப் பார்த்து இப்படி அழுததில்லை. ஐயா எழுந்து வாசலுக்குப் போய், எதிர்க் கடையின் பனரை ரொம்பக் கவனமாக வாசிப்பது போல் நின்றார். நான் அடங்கியதும் திரும்பாமலே சொன்னார்: “அதில ‘மளிவு’ எண்டெல்லோ கிடக்கு?”

“மூணு வாரமா அப்படித்தான் ஐயா இருக்கு.”

“ம். உள்ளதை உள்ளபடி பலகையில எழுதும். என்ர பகிடியையும் எழுதும், அது பிழையெண்டும் எழுதும்.”

29.06.2025 – ஞாயிறு

கடைசிக் காட்சி, மத்தியானம் இரண்டரைக்கு. பல்கனியில் ஒரு கதிரை மிச்சமில்லை. தெல்தெனியவிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்திருந்தது. படத்தில் மூன்று சண்டை. அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்களாம்.

மூன்றாவது சண்டையில் திரையில் அடி நின்ற பிறகும் கொத்து நிற்கவில்லை. முப்பத்திமூன்று வருடத்தில், அந்த முதல் வாரத்தை விட்டால், மக்கீன் நாநா நேரம் தவறியது அதுதான் முதல் தடவை. கதாநாயகி ஏதோ சொல்லி அழுகிறாள், பின்னால் டக டக டக. ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். பிறகு பல்கனி முழுக்க, கீழேயும். கொத்துச் சத்தம் நின்ற பிறகும் கை தட்டல் நிற்கவில்லை.

பலகையை வாசலில் வைத்திருந்தார்கள். நடுப்பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன்:

‘1992இல் இத்தியேட்டரின் விண்ணப்பத்தைச் சரியாக மொழிபெயர்த்தவர் க. பெரியதம்பி. அவர் மயங்கித் தூங்கினார் என்பது வெறும் பகிடி. தட்டச்சு அடிக்கையில் ஒரு சொல்லை விட்டவர் அன்னலட்சுமி. அந்தப் பழியைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டவரும் பெரியதம்பியே. கிடைத்த அனுமதியைக் கிழித்துப் போடாமல் பல்கனிக் கதவைத் திறந்தவர் சி. இராஜரத்தினம். அன்றிலிருந்து சண்டைக்காகக் காத்திருந்து சமைத்தவர் மக்கீன்.’

பக்கத்தில் சிங்களம். நான்கு தடவை சரிபார்த்தேன். ‘ஷாலாவ’ வரும் இடத்திலெல்லாம் விரல் வைத்து வாசித்தேன். இராஜரத்தினம் ஐயா காதருகே வந்து கேட்டார்: “சிங்களத்தில ஏதும் பிழை விட்டனீரோ?”

“இல்ல ஐயா. ஒண்ணும் இல்ல.”

“சா! விட்டிருக்கலாம்.”

04.07.2025 – வெள்ளி

ஆறு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. திரும்ப உள்ளே வந்து மக்கீன் நாநாவுக்கு அழைத்தேன். மருமகனின் கடை எப்படி இருக்கிறது?

“நல்லம் தங்கச்சி, அல்ஹம்துலில்லாஹ். எந்த நேரமும் கொத்தலாம், கேக்க ஆளில்ல. ஆனா ஓடர் வந்தாலும் கை சும்மா நிக்குது. என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிறீங்க மாமான்டு மருமகன் கேக்குறான்.”

என் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை சொல்லியிருந்தேன். பெரியதம்பி ஐயா போன பிறகு ‘அன்னம் மொழிபெயர்ப்பு’ என்று மாற்றியதை மறுபடி மாற்றுகிறேன்: ‘பெரியதம்பி – அன்னலட்சுமி, மொழிபெயர்ப்பாளர்கள்.’ இன்று பலகைக்காரன் எழுதிக் கொண்டுவந்தான். அழகான எழுத்து, நல்ல நீலம். ‘பெரிதம்பி’ என்றிருந்தது. ‘ய’ விட்டுப்போச்சு.

“ஒரு எழுத்துதானே அக்கா, யார் பார்க்கப் போறாங்க? ஒப்பம் வைங்க” என்றான்.

‘ய’வைப் போட்டுக்கொண்டு வா, பார்த்துவிட்டு வைக்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.